சரிவில் நிற்கும் வண்டி

என் கல்லூரி விடுதி அறையின் மேசைமேல் ஒரு சிறிய வண்டி இருக்கிறது. ஒட்டுப்பலகையால் ஆன அடித்தட்டு, பழைய மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிய நான்கு சக்கரங்கள், இரண்டு மின்கலங்கள், நடுவில் உள்ளங்கை அளவு மூங்கில் கூடை. இவ்வளவுதான். வண்ணம்கூடப் பூசவில்லை. வேகம் என்று பார்த்தால் எறும்பு ஊர்வதைவிடச் சற்று மேல்.

"இயந்திரவியல் படிக்கிறவளுக்கு இதைவிட அழகான வண்டி கிடைக்கவில்லையா?" என்று அறைத்தோழிகள் கேலி செய்வார்கள். அப்போது நான் என் வரைபலகையின் ஒரு முனையை உயர்த்திப் பிடித்து, அந்தச் சரிவில் வண்டியை வைத்துக் காட்டுவேன். வண்டி வழுக்காது, உருளாது. வைத்த இடத்திலேயே நிற்கும். அப்படி நிற்பதற்கு அது எவ்வளவு பாடுபட்டது என்பது எனக்கும் என் குழுவினர் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

நான் பிறந்து வளர்ந்தது பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில். அங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. அம்மா கொழுந்து பறிப்பவர். தாத்தா ஒரு காலத்தில் தோட்டத்து வண்டியோட்டி. நான் மூன்றாம் படிவத்தில் படித்தபோது, 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்திற்காக எங்கள் ஆசிரியர் ஒரு செயல்திட்டத்தை அறிவித்தார். அவர் மலாய்க்காரர், நாங்கள் அவரைச் 'சிக்கு' என்றே அழைப்போம்.

"மூவர் கொண்ட குழுவாகச் சேருங்கள். ஆறு வாரத்தில் ஒரு மாதிரி வண்டியை வடிவமைத்து உருவாக்க வேண்டும்," என்றார் சிக்கு. 2 மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றின் ஒரு முனை 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். வண்டி 300 கிராம் சுமையுடன் அந்தச் சரிவில் ஏற வேண்டும். உச்சியில் நின்று, பிறகு பின்னோக்கி இறங்கி வர வேண்டும். ஏறும் நேரத்திற்கு 30 புள்ளிகள். சுமை சிதறாமல் வந்து சேர்வதற்கு 30 புள்ளிகள். வடிவமைப்பு ஏட்டிற்கு 40 புள்ளிகள். வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களையே இயன்றவரை பயன்படுத்த வேண்டும்.

எங்கள் குழுவில் நான், எங்கள் தோட்டத்திலேயே வசிக்கும் தோழி ஒருத்தி, காய்கறிப் பண்ணை வைத்திருக்கும் சீனக் குடும்பத்தைச் சேர்ந்த நண்பன் ஒருவன் என மூவர் இருந்தோம். அந்த வாரம்தான் சிக்கு எங்களுக்குப் 'பள்ளிகளில் எஃப்1' என்னும் உலகப் போட்டியின் காணொலியைக் காட்டியிருந்தார். பல நாட்டு மாணவர்கள் கணினியில் வடிவமைத்த சின்னஞ்சிறு பந்தய வண்டிகள், அழுத்தப்பட்ட வாயு நிரப்பிய குப்பியின் உந்துதலால் 20 மீட்டர் தூரத்தை ஏறக்குறைய ஒரு வினாடியில் கடந்தன. அதன் உலக இறுதிச்சுற்று 2011ஆம் ஆண்டில் நம் நாட்டுத் தலைநகர் கோலாலம்பூரிலேயே நடந்தது என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிரவே நான் ஒரு வண்டியை வரைந்தேன். கூர்மையான மூக்கு, தாழ்வான உடல், வழுவழுப்பான சக்கரங்கள். நண்பன் பழைய பொம்மையிலிருந்து மோட்டார் ஒன்றைக் கழற்றிக் கொண்டு வந்தான். தோழி நெகிழிப் புட்டி மூடிகளைச் சக்கரங்களாக்கினாள். ஒரே வாரத்தில் வண்டி தயாராகிவிட்டது. வகுப்பறைத் தரையில் விட்டோம். 'விர்'ரென்று பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதி நின்றது. வகுப்பே கைதட்டியது. நான் பெருமையில் மிதந்தேன்.

பிறகு அதைச் சரிவுப் பலகையில் வைத்தோம். மோட்டார் கீச்சிட்டது. சக்கரங்கள் வைத்த இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. 300 கிராம் மணல் பையை ஏற்றியதும் சுழல்வதும் நின்றுபோனது. சிறிது நேரத்தில் மோட்டாரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. கைதட்டிய வகுப்பு இப்போது சிரித்தது.

சிக்கு சிரிக்கவில்லை. எங்கள் வடிவமைப்பு ஏட்டை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கத்தில் 'இந்த வண்டி யாருக்காக? எந்த இடத்தில் ஓடும்?' என்று இரண்டு கேள்விகள் அச்சிடப்பட்டிருந்தன. அந்த இடத்தை நாங்கள் நிரப்பவே இல்லை. சிக்கு அந்தக் கேள்விகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

"இதற்குப் பதில் எழுதிய பிறகு வரையத் தொடங்குங்கள்," என்று மட்டும் சொல்லி ஏட்டைத் திருப்பித் தந்தார்.

அன்று மாலை வீட்டிற்கு வந்தபோது அம்மா வாசல் படியில் அமர்ந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக் கொண்டிருந்தார். இரண்டு மாதங்களுக்கு முன், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், இலை மூட்டையுடன் சரிவில் இறங்கும்போது அவர் கால் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால், அன்று முதல் படி இறங்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக் கொள்வார். அதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் ஒருநாள்கூட அதைப் பற்றி நின்று யோசித்ததில்லை.

"அம்மா, மூட்டையோடு ஏறுவது கடினமா, இறங்குவது கடினமா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை வியப்போடு பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும்.

"ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நின்று நின்று ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் பயம். மூட்டை முதுகைத் தள்ளும். நாம் நிற்க நினைத்தாலும் அது நிற்கவிடாது," என்றார்.

அடுத்த விடுமுறை நாளில், மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, நானும் தோழியும் அம்மா வேலை செய்யும் மலைச்சரிவுக்குச் சென்றோம். தேயிலைச் செடிகள் தோளோடு தோள் உரசி நின்றன. அவற்றின் இடையே ஓர் ஆள் ஒருக்களித்துச் செல்லும் அளவுக்கே பாதை. சமமான இடங்களில் இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு இயந்திரத்தால் கொழுந்தை வெட்டினார்கள். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாத செங்குத்தான சரிவுகளில் பெரிய கத்தரியால் வெட்டினார்கள். ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அதே செடியில் மீண்டும் கொழுந்து வெட்டுவார்களாம். வெட்டிய இலை மூட்டைகளாகக் கட்டப்பட்டு, லோரி வந்து நிற்கும் சாலை வரைக்கும் ஆள்களின் தோளிலும் முதுகிலுமே இறங்கியது.

"மூட்டையை அழுத்திக் கட்டக்கூடாது, உருட்டிவிடவும் கூடாது," என்று அம்மா சொன்னார். அதற்கான காரணத்தை நான் பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன். கொழுந்து நசுங்கினால், அதன் சாறு காற்றோடு கலந்து இலை பழுப்பாக மாறத் தொடங்கும். அந்த மாற்றம் தொழிற்சாலையில், இலையை வாட்டி உருட்டிய பிறகு, உரிய நேரத்தில்தான் நிகழ வேண்டும். மூட்டைக்குள்ளேயே அது தொடங்கிவிட்டால் தேயிலையின் தரம் கெட்டுவிடும். ஏறத்தாழ 5 கிலோ பச்சை இலையிலிருந்துதான் 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது. நாம் குடிக்கும் ஒரு குவளைத் தேநீருக்குப் பின்னால் எத்தனை ஏற்ற இறக்கங்கள் இருக்கின்றன என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அன்று இரவு, ஏட்டின் முதல் பக்கத்தில் நாங்கள் இப்படி எழுதினோம்: 'யாருக்காக? கொழுந்து மூட்டை சுமப்பவர்களுக்காக. எந்த இடத்தில்? ஈரமான மலைச்சரிவில்.'

இதைக் கேள்விப்பட்ட தாத்தாவிற்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மலையில் ஓடிய வண்டிகளின் கதையைச் சொல்லத் தொடங்கினார். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதிக்கு வந்தபோது இங்கு வண்டி ஓடும் சாலையே இல்லை. ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியபோது, காட்டை அழித்துத் தோட்டமாக்கத் தொழிலாளர்களின் கைகளோடு துணை நின்றவை சில கோவேறு கழுதைகளும் நீராவியால் இயங்கும் ஒரு சாலை உருளையும்தாம். தாப்பாவிலிருந்து மலைக்கு வரும் சாலை 1931இல்தான் முழுமை பெற்றது.

"அந்த நீராவி உருளை நடக்கிற வேகத்தில்தான் போயிருக்கும், கண்ணு. ஆனால், அது போன இடமெல்லாம் பாதையாயிற்று," என்று தாத்தா சிரித்தார்.

கேமரன் மலைக்கு வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வேறு ஊர்களில் அரிதாகிவிட்ட பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இங்கே இன்றும் முட்டைக்கோசையும் தக்காளியையும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. என் நண்பனின் பண்ணையிலும் அப்படி ஒன்று இருந்தது. தாத்தா எங்களை அங்கே அழைத்துச் சென்றார்.

"தவுக்கே, இந்தப் பிள்ளைகளுக்கு வண்டியைக் கொஞ்சம் காட்டலாமா?" என்று நண்பனின் தந்தையிடம் மலாய்மொழியில் கேட்டார். அவரும் மகிழ்ச்சியோடு சாவியைக் கொடுத்தார்.

வண்டிக்குள் வழக்கமான கியர் நெம்புகோலுக்கு அருகில் மேலும் இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. ஒன்றன் தலையில் மஞ்சள் குமிழ். மற்றொன்றில் சிவப்புக் குமிழ். மஞ்சள் குமிழை அழுத்தினால் பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களும் சேர்ந்து இயங்கும். வண்டியை நிறுத்திவிட்டுச் சிவப்புக் குமிழைப் பின்னுக்கு இழுத்தால் வேகம் குறைந்து இழுவிசை கூடும்.

பண்ணைக்குப் பின்னால் இருந்த மண்சரிவில் தாத்தா வண்டியை ஏற்றினார். வண்டி அவசரப்படாமல் ஊர்ந்து ஏறியது. இறங்கும்போது நான் அவருடைய காலையே பார்த்துக் கொண்டிருந்தேன். அவர் பிரேக்கை அழுத்தவே இல்லை. ஆனாலும் வண்டி பாயவில்லை. இயந்திரமே அதைப் பிடித்து நிறுத்துவதுபோல் மெதுவாக இறங்கியது.

"மலையில் ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதே கியர். இதை மறந்தவன் வண்டியைக் கவிழ்ப்பான்," என்றார் தாத்தா.

அந்த வண்டியின் பிறப்பைப் பற்றியும் நாங்கள் தேடிப் படித்தோம். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் போர்க்காலத்து ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்துபோனபோது, அதற்கு மாற்றாகப் பண்ணை வேலைக்கு ஏற்ற வண்டி ஒன்றைத் தாமே உருவாக்க எண்ணினார். கடற்கரை மணலில் அதன் உருவத்தை அவர் வரைந்து காட்டினார் என்பார்கள். போருக்குப் பின் எஃகு கிடைப்பது அரிதாக இருந்ததால், வண்டியின் உடலை அலுமினியக் கலவையால் அமைத்தார்கள். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வண்டி உலகத்தின் பார்வைக்கு வந்தது. அதை வடிவமைத்தவரும் 'யாருக்காக, எந்த இடத்தில்' என்னும் கேள்விகளில்தான் தொடங்கியிருக்கிறார்! அதைப் படித்தபோது சிக்குவின் சிவப்பு வட்டம் என் கண்முன் வந்தது.

அதன் பிறகு நாங்கள் கணக்கோடு வேலை செய்யத் தொடங்கினோம். பலகையின் நீளம் 200 சென்டிமீட்டர். உயரம் 60 சென்டிமீட்டர். 60ஐ 200ஆல் வகுத்தால் 0.3. அப்படியானால், வண்டியின் மொத்த எடையில் பத்தில் மூன்று பங்கு அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் புதிய வண்டி 400 கிராம். சுமை 300 கிராம். மொத்தம் 700 கிராம். சுருள்வில் தராசைக் கட்டி, வண்டியைச் சரிவில் மெதுவாக இழுத்துப் பார்த்தோம். தராசு 2 நியூட்டனுக்குச் சற்று மேல் காட்டியது. எங்கள் கணக்கும் அதேதான். தாளில் எழுதிய எண்ணும் கையில் உணர்ந்த இழுப்பும் ஒன்றாக இருந்ததைக் கண்டு மூவரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம்.

அந்தச் சின்ன மோட்டார் மிக வேகமாகச் சுற்றக்கூடியது; ஆனால், அதற்கு வலு மிகக் குறைவு. அதன் வேகத்தை வலுவாக மாற்றுவது பற்சக்கரத்தின் வேலை. 10 பற்கள் உள்ள சிறிய சக்கரம் 50 பற்கள் உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றினால், சிறியது 5 முறை சுற்றும்போது பெரியது ஒரு முறைதான் சுற்றும். வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். உராய்வில் வீணாவது போக, சுழற்றும் வலு ஏறக்குறைய ஐந்து மடங்காகும். பழைய பொம்மைகளிலிருந்து இப்படிப்பட்ட இணைகளைச் சேகரித்தோம். ஓர் இணையை வைத்தோம், போதவில்லை. இரண்டு இணைகளை வைத்தோம். 5ஐ 5ஆல் பெருக்க 25. வெறும் வண்டி ஏறியது. சுமையோடு திணறி நின்றது. மூன்றாவது இணையையும் சேர்த்தோம். 125! மோட்டார் 125 முறை சுற்றினால் வண்டியின் சக்கரம் ஒரே ஒரு முறை சுற்றும்.

புட்டி மூடிகளுக்குப் பதிலாக 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரச்சக்கரங்களைச் செய்து, அவற்றின்மேல் மோட்டார் சைக்கிள் டியூபைச் சுற்றி ஒட்டினோம். பின் அச்சையும் முன் அச்சையும் ரப்பர் வளையத்தால் இணைத்தோம். இப்போது நான்கு சக்கரங்களும் சேர்ந்து இயங்கின. அதுதான் எங்கள் மஞ்சள் குமிழ்.

வண்டி சுமையோடு ஏறியது. ஆனால், என்னுள் இருந்த பந்தய ஆசை முழுவதும் போகவில்லை. மற்றக் குழுக்களின் வண்டிகள் வண்ணமயமாக இருந்தன. எங்கள் வண்டியும் பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தட்டையான தட்டுக்குப் பதிலாக, நான்கு கால்களில் உயர்ந்து நிற்கும் ஒரு கூடையை அமைக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"உயரம் வேண்டாமே," என்று தோழி தயங்கினாள். நான் கேட்கவில்லை.

போட்டிக்குப் பத்து நாள்கள் இருந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் பலகையைச் சாய்த்து, அம்மாவின் முன்னிலையில் வண்டியை ஏற்றிக் காட்டினோம். மணல் பைக்குப் பதிலாக உண்மையான கொழுந்தையே கூடையில் நிரப்பி, எடை சரியாக இருக்க அடியில் கற்களை வைத்திருந்தேன். வண்டி பாதித் தூரம் ஏறியது. பலகையின் இணைப்பில் ஒரு சிறு மேடு இருந்தது. முன்சக்கரம் அதில் ஏறியதும் கூடை பின்னோக்கிச் சாய்ந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் எழும்பின. வண்டி மல்லாந்து உருண்டு கீழே விழுந்தது. ஓர் அச்சு முறிந்தது. கொழுந்து முற்றமெங்கும் சிதறியது.

"கூடையை நன்றாகக் கட்டத் தெரியாதா உனக்கு? உன்னால்தான் எல்லாம் போயிற்று!" என்று நான் தோழியிடம் கத்தினேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கீழே குனிந்து கொழுந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். பிறகு தன் வீட்டிற்குப் போய்விட்டாள்.

தாத்தா முறிந்த அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கட்டு அவிழவில்லையே, கண்ணு. கூடை கட்டிய இடத்திலேயே இருக்கிறது. அதை அவ்வளவு உயரத்தில் வைத்தது யார்?" என்று கேட்டார்.

எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பொருளின் அடிப்பரப்பு அகன்றும் உயரம் குறைந்தும் இருந்தால் அதன் நிலைத்தன்மை கூடும் என்பதைத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே அறிவியல் பாடத்தில் கற்றிருந்தேன். தேர்வில் சரியாக எழுதிப் புள்ளிகளும் வாங்கியிருந்தேன். ஆனால், என் கையால் ஒரு பொருளைச் செய்யும்போது அது நினைவுக்கு வரவில்லை. பகட்டு அதை மறைத்துவிட்டது. தவறு என்னுடையது, பழியை மட்டும் தோழியின் தலையில் போட்டிருந்தேன்.

அன்றிரவு மழை பெய்தது. குடையை எடுத்துக்கொண்டு அடுத்த லயத்திலிருந்த அவள் வீட்டிற்குச் சென்றேன். "உயரம் வேண்டாம் என்று நீதான் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு," என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு உள்ளே சென்று ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டினாள். கூடையைத் தாழ்த்தி, இரு அச்சுகளுக்கும் நடுவில் பொருத்தி, வண்டியின் நீளத்தையும் சற்றுக் கூட்டி அவள் வரைந்திருந்த படம் அது. அதை அவள் ஒரு வாரத்திற்கு முன்பே வரைந்து வைத்திருந்தாள்.

அந்தப் படத்தின்படியே மூன்றாவது வண்டியைச் செய்தோம். நண்பனின் தந்தை மூங்கிலைச் சீவித் தந்தார். அம்மா அதில் சிறிய கூடை ஒன்றைப் பின்னித் தந்தார். பலகையில் ஈரத்துணியால் துடைத்து, மழைபெய்த சரிவைப்போல் ஆக்கியும் ஓட்டிப் பார்த்தோம். ஒருமுறை சோதனையின்போது மின்கலம் தீர்ந்து வண்டி பாதிவழியில் நின்றுவிட்டது. உருண்டு விழுமோ என்று கையை நீட்டினேன். விழவில்லை. மூன்று இணைப் பற்சக்கரங்களையும் தாண்டிச் சக்கரத்தால் மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்ற முடியவில்லை. ஏறுவதற்கு உதவிய அதே அமைப்பு, வண்டியைச் சரிவில் தாங்கிப் பிடித்தது. தாத்தா சொன்ன 'அதே கியர்' என்பதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

போட்டி நாள் வந்தது. பள்ளி மண்டபத்தில் பன்னிரண்டு குழுக்கள். பெற்றோரும் வந்திருந்தார்கள். அம்மாவும் தாத்தாவும் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்கள். முதலில் ஓடிய வண்டி 4 வினாடிகளில் உச்சியைத் தொட்டது, மண்டபம் அதிர்ந்தது. ஆனால், உச்சியில் நிற்க முடியாமல் விளிம்பைத் தாண்டி விழுந்தது. இன்னொன்று இறங்கும்போது கட்டுப்பாட்டை இழந்து, சுமையைப் பாதிவழியிலேயே கொட்டியது.

எங்கள் முறை வந்தது. கூடையில் கொழுந்தை நிரப்பி, விசையை அழுத்தினேன். வண்டி ஊர்ந்தது. பத்து வினாடிகள் ஆகியும் பாதித் தூரத்தைத்தான் தொட்டிருந்தது. பின்வரிசையில் சிலர் சிரிப்பது கேட்டது. அப்போது திடீரென்று வண்டி நின்றுவிட்டது. மின்கம்பி ஒன்று கழன்று தொங்கியது. என் இதயமும் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது.

ஆனால், வண்டி நின்ற இடத்திலிருந்து ஒரு விரற்கடைகூட நகரவில்லை. சுமையோடு, சரிவின் நடுவில், அப்படியே நின்றது. சிரிப்பொலி அடங்கியது. நண்பன் சிக்குவைப் பார்த்தான், அவர் தலையசைத்தார். நண்பன் குனிந்து கம்பியை முறுக்கிப் பொருத்தினான். அவன் கை நடுங்கியது, வண்டி நடுங்கவில்லை. மீண்டும் ஊர்ந்து உச்சியை அடைந்தது, நின்றது, ஏறிய அதே நிதானத்தில் இறங்கி வந்தது. கூடையிலிருந்து ஒரு கொழுந்துகூடச் சிதறவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

ஏறும் நேரத்தில் எங்களுக்குக் கடைசிக்கு முந்தைய இடம். சுமைப் பாதுகாப்பில் முழுப் புள்ளிகள். வடிவமைப்பு ஏட்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இரண்டாம் இடம் கிடைத்தது.

போட்டி முடிந்ததும் அம்மா மேசையருகில் வந்தார். வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டுவார் என்று நான் காத்திருந்தேன்.

"நின்றது பார்த்தாயா, அது எனக்குப் பிடித்தது," என்றார். பிறகு கூடையின் வாயை விரலால் அளந்தார். "ஆனால், வாய் குறுகலாக இருக்கிறது. மூட்டையைத் தூக்கி இதற்குள் எப்படி இறக்குவது? வண்டியும் அகலம். செடிகளுக்கு நடுவில் இது நுழையாது."

சிக்கு எங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தார். அம்மா சொன்னதை நான் அவருக்கு மலாயில் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஏட்டைத் திறந்து, 'மேம்பாட்டுக்கான கருத்துகள்' என்னும் பக்கத்தைக் காட்டினார். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்த ஏட்டில் மிகவும் பயனுள்ள பக்கம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

உண்மையில் எங்கள் வண்டி எந்த மலையையும் ஏறவில்லை. ஒரு பலகையை மட்டுமே ஏறியது. சேறும் வேரும் கல்லும் நிறைந்த சரிவு வேறு. துடைத்து வைத்த பலகை வேறு. இரு செடி வரிசைகளுக்கு நடுவில் நுழைந்து, மூட்டையைச் சுமந்து, சரிவில் நிற்கும் வண்டியை நான் இன்னும் உருவாக்கவில்லை. அம்மா இப்போதும் படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

அதனால்தான் அந்தச் சிறிய வண்டியை மேசைமேல் வைத்திருக்கிறேன். கல்லூரியில் புதிய செயல்திட்டம் ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம், வரைவதற்கு முன் ஏட்டின் முதல் பக்கத்தில் அந்த இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்கிறேன். பதில் தெரியாவிட்டால் பேனாவை மூடிவிட்டு, அந்த வேலையைச் செய்பவர்களிடம் சென்று கேட்கிறேன். இப்போது என் ஏட்டில் ஒரு புதிய வண்டியின் படம் வளர்ந்து வருகிறது. அதன் அகலத்தைத் தீர்மானிக்க, சென்ற விடுமுறையில் தேயிலைச் செடி வரிசைகளுக்கு நடுவில் அளவுநாடாவோடு நடந்தேன். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அம்மா.